முகெனில் கம்புக்காரன்: சிலம்ப ஆளின் அடிகளைச் சமப்படுத்தும் முறை

களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் முகெனில் (சண்டை கேம் செய்யும் எஞ்சின்) சொந்தமாக ஆள் செய்யத் தொடங்கினால் பெரும்பாலும் மூன்று பேர் வருவார்கள்: கம்புக்காரன், சுருள்வாள்காரன், வெறுங்கையால் பூட்டுப் போடும் அடிமுறை ஆசான். களரி கண்ணெதிரே இருக்கிறது. ஃபோனில் படம் பிடித்து ஸ்ப்ரைட் (ஆளின் அசைவுப் படங்கள்) வரைந்துவிடலாம். ஆட உட்காரும்போதுதான் சிக்கல். கம்புக்காரன் மற்ற இருவரையும் கிட்டே அண்டவிடாமல் நின்ற இடத்திலிருந்தே குத்தித் தள்ளுவான். "லேய், நீ ஒரே பட்டனத்தான அமுக்குக" என்று எதிரே இருப்பவன் கையை எடுத்துவிடுவான்.

உடனே எல்லாரும் செய்வது டேமேஜைக் குறைப்பது. 80 இருந்ததை 50 ஆக்குவார்கள். மறுபடி ஆடினாலும் அதே குத்து, அதே தூரம். தோற்பவன் தோற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். நீளமான அடிக்கு விலையை நேரத்தில்தான் வசூலிக்க வேண்டும்: அடி கிளம்ப எத்தனை ஃபிரேம், தவறினால் திரும்ப எத்தனை ஃபிரேம், தடுக்கப்பட்டால் யார் முதலில் அசைகிறார்கள். டேமேஜ் கடைசியில் தொட வேண்டிய எண்.

இங்கே சொல்வதெல்லாம் எலெக்பைட் 1999இல் வெளியிட்ட முகெனுக்கும், முகென் ஆட்களை ஏற்றுக்கொள்ளும் இகெமென் கோவுக்கும் பொருந்தும். தூரமும் வேகமும் 320க்கு 240 அளவு ஆட்களுக்கானவை. 1280க்கு 720 அளவில் வரைந்திருந்தால் தூரத்தையும் வேகத்தையும் நான்கால் பெருக்குங்கள். நேரமும் டேமேஜும் அப்படியே. நேரம் எல்லாம் டிக் கணக்கு, நொடிக்கு 60. வரிப்பெயர்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே படிக்கும் ஒலிப்பில்.

தொடங்கும் முன்

ஆளின் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, பெயரோடு தேதி சேர்த்து வையுங்கள். ஆளின் எண்களும் அடிகளும் எழுதியிருக்கும் சி.என்.எஸ். கோப்பின் டேட்டா பகுதியில் லைஃப் 1000, அட்டாக் 100, டிஃபென்ஸ் 100 என்று இருக்கட்டும். ஆள் பலவீனமாகத் தெரிந்தாலும் இந்த மூன்றையும் தொட வேண்டாம். அட்டாக்கை 120 ஆக்கினால் எல்லா அடியும் ஒரே விகிதத்தில் ஏறும். எந்த அடி கோளாறு என்பது அதற்குப் பிறகு தெரியவே தெரியாது.

அளவுகோலாக முகெனோடு வரும் குங்ஃபூ மேனை வையுங்கள். அவனுடைய லேசான குத்து 23 டேமேஜ். முன்னே நடை 2.4, பின்னே நடை 2.2, ஓட்டம் 4.6 பிக்சல் ஒரு டிக்குக்கு. நெட்டிலிருந்து இறக்கிய ஏதோ ஒரு ஆளோடு மோதவிட்டுச் சமம் பார்த்தால், அவன் எண்களில் இருக்கும் கோணல் உங்கள் ஆளுக்கும் ஏறும்.

சோதனைக்குத் தேவையான கீகள் சில. கன்ட்ரோல்-சி அடிப்பெட்டிகளைக் காட்டும், கன்ட்ரோல்-டி டீபக் வரிகளைக் காட்டும். பாஸ் அமுக்கி நிறுத்திவிட்டு ஸ்க்ரோல் லாக்கை ஒவ்வொரு முறை தட்டினால் ஒரு ஃபிரேம் நகரும். ஸ்பேஸ் இருவருக்கும் உயிரையும் பவரையும் நிரப்பும். எஃப்4 ரவுண்டை மறுபடி தொடங்கும். ஷிஃப்ட்-எஃப்4 ஆட்களின் கோப்புகளையே மறுபடி ஏற்றும் என்பதால், எண்ணை மாற்றியதும் கேமை மூடித் திறக்க வேண்டியதில்லை. பல லேப்டாப்பில் ஸ்க்ரோல் லாக் கிடையாது. விண்டோஸின் திரைக் கீபோர்டில் அந்தக் கீ உண்டு, அதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆடிச் சமம் பார்க்காதீர்கள். விலை குறைந்த கீபோர்டுகள் ஒரே சமயம் மூன்று நான்கு கீ அமுங்கினால் ஏதாவது ஒன்றை விழுங்கிவிடும். ஒருவன் குனிந்து தடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தடுப்பே போய்ச்சேராது. அடி தடுக்க முடியாதது என்று நினைத்து நல்ல எண்ணைக் கெடுத்துவிடுவீர்கள். ஒருவருக்காவது யு.எஸ்.பி. பேட் வேண்டும்.

நீளம்

அனிமேஷன்கள் இருக்கும் ஏ.ஐ.ஆர். கோப்பை ஃபைட்டர் ஃபேக்டரி என்ற எடிட்டரில் திறந்து கம்புக்குத்தின் அனிமேஷனைப் பாருங்கள். சிவப்புப் பெட்டி அடிப்பது, நீலப் பெட்டி அடிபடுவது. கம்பின் நுனிவரை, வீச்சின் வளைவு முழுவதையும் மூடி ஒரே பெரிய சிவப்புப் பெட்டி போட்டிருந்தால் கோளாறில் பாதி அங்கேயே இருக்கிறது.

முகெனோடு வரும் ஸ்டேஜில் இருவரும் நடுவிலிருந்து 70 பிக்சல் தள்ளி நிற்பார்கள், இடையே 140. எதிராளியின் உடம்பு முன்பக்கம் சுமார் 16 பிக்சல் வரும். ஆகவே சிவப்பின் நுனி உங்கள் ஆளின் அச்சிலிருந்து (தூரம் அளக்கும் நடுப்புள்ளி) 124ஐத் தொட்டால், மணி அடித்த இடத்திலேயே, ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், குத்து விழும். நிஜச் சிலம்பம் நெற்றி உயரம். அந்த விகிதத்தில் வரைந்தால் 120 சுலபமாகத் தாண்டும். ஸ்ப்ரைட்டைக் குறைக்க வேண்டாம், சிவப்பை மட்டும் 100இல் நிறுத்துங்கள். நுனியில் கொஞ்சம் கம்பு பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஆடுபவர் கண்ணுக்கு அது உறுத்தாது. பெட்டி ஸ்ப்ரைட்டை விட நீண்டிருந்தால்தான் "தொடவே இல்லையே" என்று சண்டை வரும்.

உயரமும் முக்கியம். குங்ஃபூ மேன் மேலே எழும் வேகம் 8.4, ஈர்ப்பு டிக்குக்கு 0.44. ஏறி இறங்க சுமார் 38 டிக், உச்சி 80 பிக்சல், முன்னே குதித்தால் 95 பிக்சல் தூரம். 120 பிக்சல் தள்ளி நின்று குதித்தால் சரியாக உங்கள் ஆளின் மேல் வந்து இறங்குவான். குத்தின் சிவப்பு நெஞ்சு மட்டத்தில், 50க்கும் 60க்கும் இடையே 10 பிக்சல் உயரம் இருந்தால், குத்தை முன்கூட்டி ஊகித்துக் குதித்தவன் அதைத் தாண்டிவிடுவான். பெட்டி 90 வரை ஏறினால் குதிப்பதே வீண். பிறகு எதிராளிக்கு உட்கார்ந்து தடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது நீலம். பலரும் நீலத்தை டிஃபால்ட் பெட்டியாக ஒன்று போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். கை முழுக்க நீண்டிருக்கும்போதும் அடிபடுவது இடுப்புக்கு மேல் உள்ள உடம்பு மட்டும் என்று ஆகிவிடும். குத்து நீளும் படத்திலும், அது திரும்பும் முதல் இரண்டு மூன்று படங்களிலும், முன்கையை மூடி அச்சிலிருந்து 45 பிக்சல் வரை தனி நீலப் பெட்டி போடுங்கள். கம்பின் பாதிவரை நீட்ட ஆசை வரும், வேண்டாம். ஒவ்வொரு 10 பிக்சல் நீலமும் ஓடி வரும் எதிராளிக்கு 2 டிக் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். 70 வரை நீட்டினால் அவன் ஓடவே வேண்டாம், நின்ற இடத்திலேயே கம்பைக் குத்தி ஆளை அடித்துவிடுவான். கம்பு எடுத்ததன் பலனே போய்விடும்.

நேரம்

களரியில் ஆசான் வீசுவதை நொடிக்கு 60 ஃபிரேமில் படம் பிடித்தால் ஒரு படம் ஒரு டிக்குக்குச் சமம். அசைவின் வரிசையை எண்ண வசதி. ஆனால் அந்த வேகத்தை அப்படியே கேமில் வைக்கக் கூடாது. கம்பு நிஜத்தில் கண்ணுக்குப் பிடிபடாமல் வரும். கேமில் எதிராளி பார்த்துக் கை அசைக்கச் சுமார் கால் நொடி, அதாவது 15 டிக் ஆகும். அதற்கு இடம் விடாத நீள அடியை ஊகத்தால் மட்டுமே தடுக்க முடியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிவப்பின் நுனி 100 என்றால் எதிராளி 116 வரை அடிபடுவான். விவரமுள்ளவன் 120இல் நின்று, குத்து தவறட்டும் என்று காத்திருப்பான். அவன் குத்தின் நீளம் 50, உங்கள் உடம்பு 16; அவன் கடக்க வேண்டியது 54 பிக்சல். 4.6 வேகத்தில் 12 டிக். பார்த்து அசைய 15, முன் கீயை இரண்டு தட்டு தட்ட 4, ஓட 12, குத்து கிளம்ப 5: மொத்தம் 36. உங்கள் கம்புக்குத்து தொடங்கியதிலிருந்து முடிய 36க்கு மேல் ஆனால் தண்டிக்க முடியும், குறைந்தால் முடியாது.

தொடக்கம் 12, சிவப்பு 3, திரும்பல் 24 என்று வைத்தால் மொத்தம் 39. மூன்று டிக் இடைவெளி; கூர்ந்து ஆடுபவன் பிடிப்பான், சும்மா அமுக்குபவன் பிடிக்கமாட்டான். நீலத்தை 45 வரை நீட்டியிருந்தால் அவன் கடக்க வேண்டியது 25 பிக்சல்தான், கணக்கு 30ஆக இறங்கும், நடுத்தர ஆட்டக்காரனும் பிடித்துவிடுவான். திரும்பலை 14 என்று விட்டிருந்தால் மொத்தம் 29. டேமேஜை 10 ஆக்கினாலும் அந்தக் குத்தை யாரும் தண்டிக்க முடியாது. ஸ்பாம் என்று திட்டு வாங்கும் கம்புக்காரர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிசகியிருப்பார்கள்.

திரும்பலைக் கூட்ட அனிமேஷனின் கடைசிப் படத்தையே நீட்டாதீர்கள்; ஆள் உறைந்து நிற்பது போல் தெரியும். கம்பு முழுக்க நீண்ட படத்துக்கு அடுத்த படத்தில் 10 டிக் கொடுங்கள், மீதியை மற்றவற்றில் பிரியுங்கள். கனமான கம்பு இழுத்துத் திரும்புவது போலவும் இருக்கும், எந்த நேரத்தில் பாய வேண்டும் என்று எதிராளிக்கும் புரியும்.

ஹிட்டெஃப் (ஓர் அடியின் எண்களைச் சொல்லும் பகுதி) எந்தப் படத்தில் கிளம்புகிறது என்பதையும் அப்போதே சரிபாருங்கள். டிரிகரில் (அது கிளம்புவதற்கான நிபந்தனை) அனிம் எலம் 3, அதாவது மூன்றாம் படம், என்று கொடுத்தால், சிவப்புப் பெட்டி மூன்றாம் படத்திலோ அதற்குப் பிறகோதான் இருக்க வேண்டும். பெட்டி இரண்டாவதில் இருந்தால் அந்தப் படத்தில் கம்பு ஆளை ஊடுருவிப் போகும், அடி விழாது. டைம் பூஜ்யத்துக்கு மேல் என்று டிரிகர் போட்டிருந்தால் ஹிட்டெஃப் ஒவ்வொரு டிக்கிலும் புதிதாகக் கிளம்பும். சிவப்பு இருக்கும் நேரம் முழுக்க அடி மேல் அடி விழுந்து உயிர்ப்பட்டை கரையும். "டேமேஜ் 60தான் போட்டேன், 180 போகிறது" என்றால் முதலில் பார்க்க வேண்டியது இது.

பட்டால் யார் முந்துவது, தடுத்தால் யார் முந்துவது

அடி பட்டவன் எத்தனை டிக் அசையாமல் இருப்பான் என்பதை கிரவுண்ட் ஹிட்டைம் சொல்லும். பாஸ்டைமின் (அடி பட்டதும் இருவரும் உறைந்து நிற்கும் நேரம்) இரு எண்களும் சமமாக இருந்தால் அவை ஒன்றையொன்று அடித்துவிடும், கணக்கில் சேர்க்க வேண்டாம். சிவப்பு தோன்றிய முதல் டிக்கிலேயே அடி பட்டால் உங்கள் ஆளுக்கு மீதி 27 டிக் இருக்கும். ஹிட்டைம் 22 என்றால் எதிராளி சுமார் 5 டிக் முந்துவான். நுனியில் பட்டிருந்தால் அவன் தூரத்தில் இருக்கிறான், அந்த 5 டிக்கில் ஒன்றும் செய்ய முடியாது. கிட்டே நின்று குத்தியிருந்தால் ஆபத்து. நீள அடி தூரத்தில் நன்றாகவும் கிட்டத்தில் மோசமாகவும் இருப்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

தடுப்புக்கு கார்டு ஹிட்டைம். அதை எழுதாமல் விட்டால் கிரவுண்ட் ஹிட்டைமின் மதிப்பே வந்துவிடும். 17 என்று தனியாக எழுதுங்கள்: தடுத்தவன் 10 டிக் முந்துவான். நுனியில் தடுத்தவனுக்கு ஓட்டமும் குத்தும் சேர்த்து 17 டிக் தேவை, எட்டாது. மார்புக்கு மார்பு நின்று தடுத்தவனுக்கு 5 போதும்.

இனி கார்டு வெலாசிட்டி. இதையும் எழுதாவிட்டால் கிரவுண்ட் வெலாசிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். கம்பு ஆட்களுக்கு அடியில் தள்ளும் வேகத்தைப் பெரிதாக வைப்பது வழக்கம். அதே வேகம் தடுப்புக்கும் வந்தால், மூச்சைப் பிடித்து மூன்று குத்தைத் தடுத்து உள்ளே வந்தவன் மறுபடி தொடங்கிய இடத்துக்கே போய்விடுவான். தடுப்பின் தள்ளலை அடியின் தள்ளலில் பாதியாக வையுங்கள். தடுத்துத் தடுத்து நெருங்குவது பூட்டுக்கார ஆசானுக்கு இருக்கும் முக்கியமான வழி.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. திரையின் மூலையில் எதிராளியை அடித்தால் உங்கள் ஆள் பின்னே தள்ளப்படும் அளவு, கிரவுண்ட் கார்னர்புஷ் வெலாஃப். அதை எழுதாவிட்டால், தரையில் நின்று அடிக்கும் அடிகளுக்கு கார்டு வெலாசிட்டியின் 1.3 மடங்கு என்று எஞ்சினே வைத்துக்கொள்ளும். தடுப்பின் தள்ளலைக் குறைத்ததும் மூலைத் தள்ளலும் சத்தமில்லாமல் குறைந்துவிடும். அதுவரை மூன்று அடியில் விலகிப் போன லேசான குத்து மூலையில் முடிவில்லாமல் சங்கிலியாக விழும். கார்டு வெலாசிட்டியைத் தொட்டால் கார்னர்புஷ்ஷைக் கையால் எழுதிவிடுங்கள், பழைய மதிப்பையே.

கார்டுஃபிளாக் வரி விட்டுப்போயிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. அது காலியாக இருந்தால் அந்த அடியைத் தடுக்கவே முடியாது. நகல் எடுத்து ஒட்டும்போது ஒரு வரி அழிந்து, நல்ல ஆள் தடுக்க முடியாத ஆளாவது அடிக்கடி நடக்கும்.

நடையையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். நீளமான குத்தோடு வேகமான பின்னடை சேர்ந்தால் பிடிக்கவே முடியாத ஆள் கிடைப்பான். கம்புக்காரனுக்கு முன்னடை 2.0, பின்னடை 1.7 போதும். ஆசானுக்கு முன்னடை 2.6 கொடுக்கலாம். எந்த எண்ணைக் குறைப்பது என்று தெரியாத நிலையில் முதலில் கை வைக்கத் தகுந்தது இந்தப் பின்னடைதான்.

டேமேஜும் பவரும்

உயிர் 1000க்கு லேசான அடி 20 முதல் 30, நடுத்தரம் 45 முதல் 60, கனமானது 70 முதல் 85, தனிவித்தை 80 முதல் 110. பவர் செலவில்லாத காம்போ (இடைவெளி இல்லாமல் தொடரும் அடிகள்) 300ஐத் தாண்டினால் எங்கோ இடிக்கிறது என்று பொருள். கம்பின் நுனிக் குத்துக்கு 45 நியாயமான எண். அதிலிருந்து வேறு அடிக்குக் கேன்சல் (அடி முடியும் முன்பே அடுத்ததற்குத் தாவுவது) கொடுக்காதீர்கள்: 22 டிக் ஹிட்டைம் உள்ள அடி கேன்சலும் ஆனால், எதை அமுக்கினாலும் காம்போ ஆகிவிடும்.

முகெனில் காம்போ நீண்டால் டேமேஜ் தானாகக் குறைவதில்லை. வேண்டுமென்றால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மைனஸ் 2 ஸ்டேட்டில் அட்டாக்மல்செட் (டேமேஜைப் பெருக்கும் எண்) எழுதி, இலக்கின் ஹிட்கவுண்ட் 4 ஆனதும் 0.8, 7 ஆனதும் 0.6 என்று வைக்கலாம். எதிராளி அடி நிலையில் இல்லாதபோது 1க்குத் திருப்பும் வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு நீண்ட காம்போவுக்குப் பிறகு உங்கள் ஆள் நோஞ்சானாகவே திரிவான்.

பவரைச் செலவழித்து அடிக்கும் சூப்பரில் ஒரு குழப்பம் வரும். காம்போவிலிருந்து சூப்பருக்குப் போனால், சூப்பர் தொடங்கும்போது ஆட்டத்தை நிறுத்தும் சூப்பர்பாஸ் எதிராளியின் தற்காப்பை 1.5 மடங்காக்கும், மூலக் கான்ஃபிக் கோப்பில் வரும் மதிப்பு அது. 240 போட்ட சூப்பர் காம்போவில் 160தான் எடுக்கும். அதைப் பார்த்து 360 ஆக்கினால், காம்போ இல்லாமல் நேரே பட்ட சூப்பர் மூன்றில் ஒரு பங்கு உயிரைக் கொண்டுபோய்விடும். சோதிக்கும்போது இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள்.

பவர்: அடித்தவனுக்கு டேமேஜில் 0.7 பங்கு, வாங்கியவனுக்கு 0.6 பங்கு. 300 டேமேஜ் காம்போவுக்கு 210உம் 180உம். இதோடு ஸ்டேட்டெஃப்பில் (ஒரு நிலையின் தலைப்பு வரிகள்) பவர்ஆட் என்று ஒரு வரி இருந்தால், அந்த நிலைக்குள் நுழைந்தாலே, அடி படாவிட்டாலும், பவர் ஏறும். கம்பு சுழற்றும் வித்தைக்கு அதை 50 என்று வைத்தால், ஆள் தூரத்தில் நின்று சுழற்றிக்கொண்டே பட்டையை நிரப்புவான். அந்த வித்தைக்கு மட்டும் பவர்ஆட் பூஜ்யம். அடி பட்டால் வருவது போதும்.

சுழற்றல்

பல அடி விழும் வித்தை என்பதால் எண்கள் பெருகும். 6 டிக்குக்கு ஓர் அடியாக நான்கு அடி, ஒவ்வொன்றும் 22 என்றால் 88. முதல் மூன்றுக்குத் தள்ளல் 2க்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டாம் அடியிலேயே எதிராளி வெளியே போய், உங்கள் ஆள் காற்றைச் சுழற்றிக்கொண்டு மாட்டுவான். கடைசி அடிக்கு மட்டும் ஃபால் 1 (எதிராளி கீழே விழுவான்). தடுத்தாலும் உயிரைக் குறைக்கும் சிப் டேமேஜ் அடிக்கு 3, மொத்தம் 12. கார்டு ஹிட்டைம் 8க்குக் குறைந்தால் அடிகளுக்கு இடையே ஓட்டை விழும். வேண்டுமென்றே விட்டால் அது நல்ல பலவீனம். தெரியாமல் விட்டால் கோளாறு.

சுழலும் கம்புக்குள் யாரும் வர முடியாது என்று எண்ணி நாட்ஹிட்பை போட்டு முழு வித்தைக்கும் அடிபடாமை கொடுப்பது பரவலான பழக்கம். எறிபடைகளுக்கு மட்டும் கொடுங்கள்: என்.பி., எஸ்.பி., ஹெச்.பி. (சாதாரண, தனிவித்தை, சூப்பர் எறிபடைகளின் குறிகள்) மூன்றும். எறிந்ததைக் கம்பு தட்டிவிடும், கால் பக்கம் புகுந்தவன் அடிப்பான். அதற்காகச் சிவப்புப் பெட்டியின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து 20 பிக்சல் மேலே நிறுத்துங்கள்.

பூட்டும் வர்மமும்

ஆசானின் பூட்டு எறிவகை அடி, தடுக்க முடியாதது. ஹிட்ஃபிளாக் எம் மைனஸ் என்று இருக்க வேண்டும். அந்த மைனஸ் விட்டுப்போனால் அடிபட்டுத் தள்ளாடுபவனையும் பூட்டலாம்; லேசான குத்து, பூட்டு, லேசான குத்து, பூட்டு என்று ஆட்டம் முடிந்துவிடும். பிரையாரிட்டி 1, மிஸ் என்று வைத்தால் ஒரே சமயத்தில் வந்த குத்து பூட்டை வெல்லும். தொடக்கம் 4 டிக், எட்டும் தூரம் இரு உடம்பும் முட்டிய பிறகு 10 பிக்சல். தவறினால் 25 டிக் திரும்பல்.

பூட்டிய ஆளை உங்கள் கோப்பின் ஸ்டேட்டுக்குள் இழுத்துக்கொண்டால், அங்கே செல்ஃப்ஸ்டேட் வரி ஒன்று கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால் அவன் தன் நிலைக்குத் திரும்பாமல் அப்படியே சிக்கி நிற்பான்.

வர்மம் என்றதும் கை பரபரக்கும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108க்கும் தனித்தனி விளைவு வைக்கத் தோன்றும். ஒன்று போதும். எதிராளியை 60 டிக் உறைய வைக்கும் அடி ஒன்று, தொடக்கம் 18 டிக், டேமேஜ் 10, தடுக்கக் கூடியது. ரவுண்டுக்கு ஒரு முறை மட்டும் பலிக்கும்படி ஒரு வேரியபிளை 1 ஆக்கிக்கொள்ளுங்கள். குங்ஃபூ மேன் கோப்பில் இருப்பது போல் இன்ட் பெர்சிஸ்ட் இன்டெக்ஸ் 60 என்று இருந்தால் அடுத்த ரவுண்டில் அது தானாகப் பூஜ்யமாகும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் உறைந்தவனை மறுபடி உறையவைத்தே ரவுண்டை முடித்துவிடலாம்.

சுருள்வாள்காரன் பற்றி ஒரு வரி: சுழற்றி வீசும் ஆயுதம், ஆகவே சிவப்புப் பெட்டியை அச்சிலிருந்து 40 பிக்சலுக்கு அப்பால் தொடங்குங்கள். உள்ளே புகுந்தவனை அவனால் வெட்ட முடியாது. அதற்கு ஈடாகத் தூரம் 115 வரை கொடுக்கலாம்.

மோதவிட்டுப் பார்ப்பது

கட்டளைகள் இருக்கும் சி.எம்.டி. கோப்பில் சூப்பர் மேலே, தனிவித்தை அடுத்து, சாதாரண அடி கீழே என்று வரிசை இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். மாறியிருந்தால் திசைக் கீயில் கால்வட்டம் போட்டுக் குத்தினாலும் வெறும் குத்துதான் வரும். கட்டளை நேரம் 15 டிக் வழக்கமான அளவு. 30 என்று தாராளமாக விட்டால் நடந்துகொண்டே குத்தியவனுக்குக் கேட்காமலே வித்தை வரும்.

கம்ப்யூட்டரையே இருபக்கமும் ஆடவிட்டு ஜெயித்த கணக்கு எடுக்காதீர்கள். அது பாட்டுக்குக் கட்டளைகளை அள்ளி வீசும்; 120இல் நின்று குத்து தவறக் காத்திருப்பது அதற்கு வராது. மனிதர் இருவர் ஐந்து ஜெயம் வரை ஆடட்டும், பிறகு ஆளை மாற்றிக்கொண்டு இன்னொரு ஐந்து. யார் ஜெயித்தார் என்பதை விட, ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசியாக உயிரைப் பறித்த அடி எது, தோற்றவன் எந்த அடியைப் பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போனான் என்ற இரண்டையும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். பாதி ரவுண்டுகளில் ஒரே அடியின் பெயர் வந்தால் அதைத் திறங்கள்.

ஒரு தடவைக்கு ஓர் எண் மட்டும் மாற்றுங்கள். திரும்பல் என்றால் 2 டிக், நீளம் என்றால் 4 பிக்சல், டேமேஜ் என்றால் 5. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரே ஆட்டக்காரன் இருபக்கமும் மாறி ஆடி இருபக்கமும் ஜெயித்தால் எண்களைத் தொட வேண்டியதில்லை, கை வித்தியாசம் அது. இருவரில் யார் எடுத்தாலும் கம்புக்காரனே ஜெயித்தால்தான் கோப்பைத் திறக்க வேண்டும்.

யார் முந்துகிறார்கள் என்ற கணக்கில் ஒரு டிக் முன்பின் வரும். சந்தேகம் வந்தால் இருவரும் அடி பட்ட கணத்திலிருந்து மேல் கீயை அமுக்கிப் பிடியுங்கள். பாஸ் போட்டு, ஸ்க்ரோல் லாக்கால் நகர்த்தி, யாருடைய கால் முதலில் தரையை விடுகிறது என்று பாருங்கள். நடுத்திரையில் ஒரு முறை, மூலையில் ஒரு முறை, கம்புக்காரனின் ஒவ்வொரு அடிக்கும். முடிந்ததும் சுருள்வாள்காரன் கோப்பையும் திறந்து பாருங்கள். அவன் ஹிட்டெஃப்களைக் கம்புக்காரனிடமிருந்து நகல் எடுத்துத்தான் எழுதியிருப்பீர்கள், பழைய 14 டிக் திரும்பல் அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கும்.